ஓடாத ஜீப்பு விற்பனைக்கு

…டயர எட்டி ஒதைச்சா என்ன தம்பி தெரியும்? தெரியாமத்தான் கேக்கறேன். இந்த வண்டியப் பாக்க வர்ற ஆம்பளைங்க அத்தன பேரும் மொதல்ல டயருக்கு ஒரு ஒதை, அப்புறம் பானெட்டுல ரெண்டு தட்டு, அப்புறம் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு 'ம்ம்'னு ஒரு சத்தம். என்னமோ அதுக்கு ஒடம்பு சரியில்லாம நாடி பாக்க வந்த மாதிரி. நீங்களும் அதையேதான் பண்றீங்க. பண்ணுங்க, பண்ணுங்க. விளம்பரத்துலயே போட்டிருக்காரே, 'ஓடாது, உள்ளது உள்ளபடி'ன்னு. ஒதைச்சா ஓடிருமா?

எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு. பதினோரு மணிக்கு ஒருத்தர் வருவாரு, ஷெட்டத் தொறந்து காட்டு, ரொம்பப் பேசாதேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் எங்க பேசறேன்? கேட்டதுக்குப் பதில் சொல்றேன், அவ்வளவுதான். கேக்கலையா? சரி, கேக்கத்தானே போறீங்க.

மொதல்ல இது ஷெட்டே இல்ல. நான் துணி காயப்போட்ட எடம். இந்தக் கம்பி இருக்குல்ல, இதுல கொடி கட்டியிருந்தேன். ஒரு நாள் வேலைக்கு... இல்ல இல்ல, கடைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், கொடிய அவுத்து சுருட்டி சன்னல்ல வெச்சிருக்காரு, துணியெல்லாம் கட்டில்ல கெடக்கு, இங்க இது நிக்குது. இது இல்ல, இதோட பொணம். ஒரு கதவு இல்ல. முன் கண்ணாடி இல்ல. தரையில பெரிய ஓட்டை, அது வழியா புல்லு மொளைச்சு உள்ள வந்திருந்துச்சு. ஊர்ல சக்களத்தி வந்தா ரெண்டு கால்ல வருவா, எனக்கு நாலு சக்கரத்துல வந்தா. அதுல ஒண்ணு பஞ்சர் வேற.

எங்க புடிச்சாருன்னு கேளுங்க. கோழிப்பண்ணையில. அந்தப் பண்ணைக்காரரு இத வண்டின்னு வெச்சிருக்கல, கூடுன்னு வெச்சிருந்தாரு. இவரு போயிப் பேசி முடிச்சப்போ பின் சீட்டுல ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருந்திருக்கு. அத எழுப்ப மனசில்லாம, குஞ்சு பொரிக்கற வரைக்கும் காத்திருந்து, ரெண்டு வாரம் கழிச்சுப் போய் இழுத்துட்டு வந்த மகாராசன் இவரு. எத்தன குஞ்சுன்னு கூட எனக்கு வந்து சொன்னாரு. ஒன்பது. கட்டின பொண்டாட்டி பொறந்த நாளு ஞாபகம் இருக்காது, ஒன்பது குஞ்சு ஞாபகம் இருக்கும்.

இல்ல... அப்படிச் சொல்லக் கூடாது. ஞாபகம் இருக்கும். அதெல்லாம் இருக்கும்.

அவரு ஆஸ்பத்திரியில மெஷினுங்களப் பாத்துக்கறவரா இருந்தாரு தம்பி. டாக்டரு இல்ல. மூச்சு விட வைக்கற மெஷினு, கொறைப்பிரசவத்துல பொறந்த புள்ளைங்களச் சூடா வெச்சிருக்கற பெட்டி, அதெல்லாம் கெட்டுப் போனா இவருதான். முப்பத்தியொரு வருஷம். ஒரு தடவ கூட இவரு கை பட்ட மெஷினு நடுவுல நின்னதில்லன்னு, ஓய்வு பெற்ற அன்னைக்குப் பெரிய டாக்டரு மேடையில சொன்னாரு. அன்னைக்கு வந்த பூச்செண்டு வாடறதுக்குள்ள இந்த ஜீப்புக்கு அலைய ஆரம்பிச்சுட்டாரு. வீட்டுல மிக்சி ரிப்பேரா இருந்துச்சு. அத இன்னும் பாக்கல.

அந்த அலமாரியப் பாருங்க. ரத்தம், சளி எல்லாம் புடிக்கற குட்டி பாட்டிலு. புதுசுதான், பயப்படாதீங்க. ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு பாட்டில்ல. மேல சீட்டு: 'முன் இடது கதவு, மேல் கீல், மூணு'. 'ஏர் ஃபில்டர் மூடி, ரெண்டு, ஒண்ணு வளைஞ்சது'. வளைஞ்ச போல்ட்டுக்கு ஒரு பாட்டிலு, அதுக்கு ஒரு பேரு. நாங்க எங்க புள்ளைக்குப் பேரு வைக்க ஆறு மாசம் எடுத்துக்கிட்டோம், இவரு ஒரே வாரத்துல நானூறு போல்ட்டுக்குப் பேரு வெச்சுட்டாரு. அப்புறம் ஒரு நோட்டு. அன்னன்னைக்கு என்ன கழட்டினாரு, என்ன கழுவினாரு, என்ன மாட்டினாரு, எல்லாம் தேதி போட்டு எழுதணும். ஆஸ்பத்திரிப் பழக்கம். எழுதலேன்னா அது நடக்கலேன்னு அர்த்தமாம்.

வீடு வீடாவா இருந்துச்சு? கியர் பாக்ஸு குளியலறையில. மூணு வாரம் அது மேல கால் படாம ஒத்தக் கால்ல நின்னு குளிச்சேன். ஒரு நாள் ஃப்ரீசரத் தொறக்கறேன், பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவுல ஒரு பொட்டலம். பிரிச்சா இரும்பு வளையம். குளுருல சுருங்கினாத்தான் துளைக்குள்ள போகுமாம். அதே நேரத்துல அந்தத் துளை இருக்கற சாமான கேஸ் அடுப்புல சூடு பண்ணிக்கிட்டு நிக்கறாரு, நான் டீ போடணும்னு பாத்திரத்தோட பின்னாடி வரிசையில நிக்கறேன். என் பல்லு வெளக்கற பிரஷ்ஷக் காணோம்னு தேடினா, அது கார்புரேட்டரு... இல்ல, டீசல் வண்டிக்குக் கார்புரேட்டரு கெடையாதாம், அப்படிச் சொன்னா அவருக்குக் கோவம் வரும். என்னமோ ஒண்ணு. அதத் தேச்சுக்கிட்டு இருக்கு.

இவருக்கு ரெண்டு குருமாரு. ஒருத்தன் ஃபோனுக்குள்ள இருக்கான். எந்த ஊர்க்காரனோ, சொட்டைத் தலை, வெள்ளையா ஒரு சட்டை. இஞ்சினக் கழட்டி மாட்டறான், அந்தச் சட்டையில ஒரு பொட்டு அழுக்கு இல்ல. அரை மணி நேரம்னு சொல்றான். இவருக்கு நாலு மாசம் ஆச்சு, எங்க வீட்டுச் சுவரெல்லாம் கை ரேகை. போலீசு வந்தா மொத்தக் குடும்பத்தையும் புடிச்சுட்டுப் போவாங்க. இன்னொரு குரு லேத்துக்காரரு, இரும்பக் கடைஞ்சு குடுக்கறவரு. நாலு தெரு தள்ளி இருக்காரு. எதக் கொண்டு போனாலும் 'பண்ணிரலாம்'பாரு. எப்போன்னு மட்டும் சொல்ல மாட்டாரு. வேலை ஆகலேன்னு இவரு போயி அங்க உக்காருவாரு, ரெண்டு பேரும் டீ குடிச்சு ஆஹா ஓஹோன்னு பழைய இஞ்சின்களப் பத்திப் பேசிட்டு, வேலை ஆகாமலே சந்தோஷமாத் திரும்பி வருவாரு. அங்க குடுத்த சாமான் என்ன ஆச்சுன்னு கேட்டா...

என்ன தம்பி? ஆமா, அது பவர் ஸ்டியரிங்கு. வந்தப்போ இல்ல. அந்தக் காலத்து ஸ்டியரிங்க ஒரு தடவ உக்காந்து திருப்பிப் பாத்தேன், கெணத்துல கயிறு இழுக்கற மாதிரி இருந்துச்சு. இத ஓட்டறதுக்கு மாட்ட வளத்துட்டுப் போயிரலாம்னு சொன்னேன். சும்மா சொன்னேன். எட்டு மாசம் அதுக்கே போச்சு. நொறுங்கிப் போன ஏதோ ஒரு வேனு, அதுல இருந்து கழட்டிட்டு வந்து, தகடு வெட்டி, வெல்டிங் வெச்சு, தப்பாப் போயி, மறுபடியும் வெட்டி... எதுக்கு இவ்வளவு பாடுன்னா 'நீயும் ஓட்டலாம்ல'ங்கறாரு. நான் கேட்டேனா? முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கு. அதுவும் வேற வண்டியோடது. இஞ்சினுக்கு டர்போ. பழச வாங்கிட்டு வந்து புதுசா ஆக்கணும்னா புதுசையே வாங்க வேண்டியதுதானே? கேட்டா ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, நான் என்னமோ எங்க புள்ளைய மாத்திட்டு வேற புள்ள வாங்கிட்டு வரலாம்னு சொன்ன மாதிரி.

அந்தப் படி... இடது பக்கம், கீழ. அதுவும் இவரு பண்ணதுதான். எனக்கு முட்டி வலி. வண்டி ஒசரம். அதனால ரெண்டு படி. மொதல்ல ஒரு படி வெச்சாரு, நான் ஏறிப் பாத்து, இது படியா பரணான்னு கேட்டேன். அதுக்கப்புறம் ரெண்டாவது. மேல சுரசுரன்னு இருக்கா? மழையில வழுக்கக் கூடாதாம்.

யாருக்குத் தம்பி படம் அனுப்பறீங்க? ஓ, கூட்டாளிக்கா. சரி... ஆக்சில மட்டும் எதுக்கு எடுக்கறீங்க? முழுசா எடுக்க வேண்டியதுதானே.

பிரிச்சா?

பிரிச்சு விக்கறதுக்கா வாங்கறீங்க? இஞ்சின் ஒருத்தருக்கு, ஆக்சில் ஒருத்தருக்கு, மிச்சம் எடைக்கு. இத அவருகிட்ட ஃபோன்ல சொன்னீங்களா? சொல்லல. நெனச்சேன். சொல்லியிருந்தா பதினோரு மணி எதுக்கு, பதினோரு நிமிஷம் கூட நின்னிருக்க மாட்டீங்க. வாசல் தாண்டியிருக்க மாட்டீங்க. இப்ப சொன்னா என்ன சொல்வாருன்னு தெரியல. சரின்னு கூடச் சொல்லுவாரு. அதான் எனக்கு... இருங்க. அந்தச் சீட்டுல கைய வைக்காதீங்க, கையில கிரீஸ் இருக்கு. அந்தத் தையலப் பாருங்க. தைக்கற கடையில கோணலாத் தெச்சுக் குடுத்தான்னு மூணு தடவ திருப்பிக் குடுத்து, கடைசியில என் தையல் மெஷின எடுத்துட்டு வந்து இங்கயே உக்காந்து தானே தெச்சாரு. ஊசி பதினோரு தடவ ஒடிஞ்சுது. என் மெஷினு அதுக்கப்புறம் இருமிக்கிட்டேதான் ஓடுது. கோணலா இருக்கா சொல்லுங்க? எடைக்குப் போடுவாராம்.

ஓடுச்சு தம்பி. ஓடாம இல்ல. ஒரே ஒரு நாள் ஓடுச்சு.

அதுக்கு முன்னாடி இங்க வெச்சு நாலஞ்சு தடவ ஸ்டார்ட் பண்ணாரு. அப்போ டேங்கு வழியா இல்ல, மேல ஒரு கேனுல டீசல ஊத்தித் தொங்கவிட்டு, அதுல இருந்து ஒரு குழாய். டேங்க மாட்டியாச்சு, ஆனா வயரிங் முடியற வரைக்கும் அதுல டீசல் ஊத்தல. மொத தடவ ஸ்டார்ட் ஆனப்போ இந்த ஷெட்டு பூரா வெள்ளைப் புகை, பக்கத்து வீட்டம்மா நெருப்புன்னு நெனச்சு வாளியோட வந்துட்டாங்க. இவரு புகைக்குள்ள இருந்து வெளிய வர்றாரு, பல்லு மட்டும் தெரியுது. கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. நான் என்ன சொன்னேன்? வீட்டுக்கு வெள்ளையடிச்சு ஒரு வருஷம் கூட ஆகலேன்னு சொன்னேன். என் வாய் அப்படி.

அப்புறம் வயரிங் முடிஞ்சுது, டேங்க் நெறைய டீசல் ஊத்தினாரு, ஒரு ஞாயித்துக்கெழம காலைல கெளம்பினோம். நானும் அவரும் மட்டும். மலைப்பாதையில போயி, மேல ஏரியப் பாத்துட்டு வர்றதுன்னு. நான் பிளாஸ்க்குல டீ, துண்டு, தலைவலி மாத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டேன். இந்தச் சத்தத்துல தலைவலி வராம இருக்குமா? படியேறி உக்காந்தேன். சொல்லக் கூடாது, ஒசரமா நல்லாத்தான் இருந்துச்சு. இத்தன வருஷமா இந்தத் தெருவுல நடக்கறேன், ஒவ்வொரு வீட்டு மதிலுக்குள்ளயும் என்ன இருக்குன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். கடைக்காரரு எழுந்து நின்னு பாத்தாரு. லேத்துக்காரரு ரோட்டுக்கே வந்து கையத் தூக்கிக் காட்டினாரு. இவருக்கு ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, காது மட்டும் இஞ்சின்ல. எனக்கு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. மேல போயி எறங்கினப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

மேல எங்க போனோம்? நாலாவது வளைவுல ஒரு ஒதறல். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் கெழவன் இருமற மாதிரி ரெண்டு மூணு, அப்படியே நின்னுருச்சு. ஏத்தத்துல. பின்னாடி வண்டிங்க வரிசையா நிக்குது. நான் எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன். ஒருத்தன் பைக்குல போறவன், 'தாத்தா, வண்டியையும் உங்களையும் சேத்து மியூசியத்துல வெச்சுருங்க'ன்னு சொல்லிட்டுப் போனான். அந்த பிளாஸ்க்க அவன் மேல எறிஞ்சிருப்பேன், டீ வீணாப் போகுமேன்னு விட்டேன். இவரு பானெட்டத் தொறந்து குனிஞ்சவரு நிமிரவே இல்ல. இழுக்கற வண்டி வந்து கட்டி இழுத்துட்டு வந்துச்சு. அதே கடைக்காரரு, அதே லேத்துக்காரரு, எல்லாருக்கும் முன்னாடி.

மறுநாள் ஃபில்டரக் கழட்டினா தண்ணி. டீசல்ல தண்ணி. அந்தத் தண்ணி டீசல் பம்புக்குள்ள போயி, பம்பு துருப் புடிச்சு இறுகிப் போச்சாம். இந்த வண்டிக்கு இதயமே அதுதானாம். பங்க்ல கலப்படம்னு நெனச்சு ஒரு பாட்டில்ல புடிச்சுக்கிட்டுப் போனாரு. சண்டைக்குப் போற ஆளு இல்ல, மரியாதையாத்தான் கேட்டிருக்காரு. அவங்க அன்னைக்கு டீசல் போட்ட பஸ்ஸு, லாரி எல்லாத்தையும் காட்டியிருக்காங்க. எல்லாம் ஓடுது. திரும்பி வந்து டேங்க எறக்கினாரு. உள்ள லைட் அடிச்சுப் பாத்தா, நடுவுல தடுப்புத் தகடு இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி மூலை பூரா செகப்பாத் துரு.

அப்பதான் நோட்ட எடுத்துக்கிட்டு சமையலறைக்கு வந்தாரு. நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன். பக்கத்தத் தொறந்து முன்னாடி நீட்டறாரு. அவரு கையெழுத்து. 'டேங்க் டீசல் விட்டு மூணு முறை அலசியாச்சு. தண்ணீர் படக் கூடாது. காய வைத்து வாய் கட்டியாச்சு.' தேதி, கையெழுத்து. அதக் காட்டிட்டுக் கேக்கறாரு:

"நான் இதப் பண்ணேன்ல? நீ பாத்தியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கு என்ன தெரியும்? உங்க இரும்ப நான் தொட்டதே இல்ல."

அவ்வளவுதான். அவரு நோட்ட மூடிக்கிட்டுப் போயிட்டாரு.

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலு நல்லாத்தான் இருக்கு, சாயாது. உங்க கூட்டாளிக்கு அப்புறம் பதில் போடுங்க.

என் தங்கச்சி வர்றதா இருந்துச்சு. வண்டி ஓடறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி. அவ எப்படின்னா, ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்தவுடனே மொதல்ல மூக்கத்தான் அனுப்புவா. அவ வீட்டுல தரையில சோறு போட்டுத் திங்கலாம், திங்கத்தான் விட மாட்டா. அதுக்கு முந்தின தடவ வந்துட்டு, 'என்னக்கா, பெட்ரோல் பங்க்ல குடியிருக்கியா?'ன்னு கேட்டுட்டுப் போனா. எனக்கு அது உள்ளயே கெடந்துச்சு. இந்தத் தடவ வீட்டுல ஒரு மூலையில கூட நாத்தம் இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் கழுவித் தள்ளிக்கிட்டு இருக்கேன், பின்னாடி போனா, துணி தொவைக்கற கல்லு பக்கத்துல இந்த டேங்கு. வாயப் பிளாஸ்டிக் போட்டுக் கட்டி வெச்சிருக்காரு. நாத்தம் கொடலப் புடுங்குது. அவரு லேத்துக்காரரப் பாக்கப் போயிருந்தாரு, போனா அரை நாளு.

இவரு மறந்துட்டாரு, நாம கழுவி வெச்சுருவோம்னு நெனச்சேன். சத்தியமா நல்லதுன்னுதான் நெனச்சேன். கட்ட அவுத்து, தண்ணி ட்யூப விட்டு, சோப்புத் தூளக் கொட்டி, ரொப்பி, ஆட்டி, கவுத்து... அது என்ன கனம்னு நெனச்சீங்க? முட்டி வலிக்காரி நான். மறுபடியும் ரொப்பி, மறுபடியும் கவுத்து. மோந்து பாத்தேன், வாயில மூக்க வெச்சு மோந்தாலும் டீசல் வாசனை இல்ல. அவ்வளவு சுத்தம். ஒரு மணி நேரம் வெயில்ல கவுத்து வெச்சேன். சொட்டறது நின்னுச்சு. காஞ்சுருச்சுன்னு அதே மாதிரி வாயக் கட்டி அதே எடத்துல வெச்சுட்டேன். உள்ள தடுப்பு இருக்கும், அதுக்குப் பின்னாடி தண்ணி தேங்கி நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? சோத்துப் பானைக்குள்ள சுவரா கட்டி வெப்பாங்க? நாலு நாள் கழிச்சு அவரு எடுத்து மாட்டிட்டாரு. அதுக்குள்ள என் தங்கச்சி வந்துட்டுப் போயிட்டா. என்ன சொன்னா தெரியுமா? சமையலறையில மீன் வாசனை அடிக்குதுன்னா.

அன்னைக்குச் சமையலறையிலயே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனா மூணு வருஷமா இந்த வண்டியப் பழிச்சுக்கிட்டே இருந்தவ நான். நான்தான் கெடுத்தேன்னு சொன்னா வேணும்னே பண்ணேன்னு நெனச்சுருவாரோன்னு ஒரு பயம். நாளைக்குச் சொல்லலாம், கோவம் தணிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். கோவமே வரல தம்பி அவருக்கு. வந்திருந்தா பரவால்ல.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. என் மூத்தாரு. பேங்க்ல வேலை பாத்தவரு, கணக்குல புலி. அறுபத்திரெண்டுல மறதி ஆரம்பிச்சுது. மொதல்ல சாவி, அப்புறம் வழி, அப்புறம் ஆளு. பண்ணாதத பண்ணிட்டேன்னு அடிச்சுச் சொல்லுவாரு. மாத்திர போட்டுட்டேன்பாரு, மாத்திர டப்பாவுலயே இருக்கும். கடைசி மூணு வருஷம் இவருதான் குளிப்பாட்டி, சவரம் பண்ணி விட்டாரு. தம்பின்னு தெரியாமலே போய்ச் சேந்தாரு. இவருக்கு இப்ப அறுபத்தொண்ணு. இப்ப அந்த நோட்டுல தன் கையெழுத்தப் பாக்கறாரு: காய வைத்தாச்சு. டேங்குக்குள்ள பாத்தா தண்ணி. அவரு என்ன நெனப்பாரு?

வாய விட்டுச் சொல்லல. நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன். கேஸ மூடிட்டு மூணு தடவ வந்து பாக்கறாரு. கதவப் பூட்டிட்டு, பூட்டின கதவ ஃபோன்ல படம் புடிக்கறாரு. வீட்டுல இருக்கற கார எடுக்கறதே இல்ல. எதிர் வீட்டுக்காரரு மோட்டார் ஓடலேன்னு கூப்பிட்டப்போ, வேற ஆளப் பாத்துக்கங்கன்னுட்டாரு. முப்பத்தியொரு வருஷம் அடுத்தவங்க மூச்சு ஓட வெச்ச ஆளு, ஒரு தண்ணி மோட்டாரத் தொட பயப்படறாரு. நாலு மாசமா ஸ்பேனர் சத்தமே இல்ல இந்த வீட்டுல. என் பல்லு பிரஷ்ஷு வெச்ச எடத்துலயே இருக்கு. அதப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வருது.

இன்னைக்கு எங்க போயிருக்காரு தெரியுமா? பழைய சிநேகிதங்களப் பாக்கப் போறேன்னுட்டுப் போனாரு. நேத்து சட்டையத் தொவைக்க எடுத்தேன், பையில ஆஸ்பத்திரிச் சீட்டு. ஞாபக சக்திக்குச் சோதனை பண்ற டாக்டரு. காலைல ஒன்பதரை. தனியாப் போயி உக்காந்திருக்காரு. அதத் தெரிஞ்சுக்கிட்டும் நான் வாசல்ல நின்னு, பாத்துப் போங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, உங்களுக்கு வண்டி காட்டறதுக்கு ஷெட்டப் பெருக்கி வெச்சிருக்கேன். என்ன மாதிரி ஒருத்தியப் பாத்திருக்கீங்களா? ஓடாத வண்டிய விளம்பரம் போட்டு விக்கலாம். என்னைய யாரு வாங்குவா?

ஒருத்தர்கிட்டயும் சொல்லல இத. உங்கள இனி பாக்கப் போறதில்ல, அதனால...

வாசல் கேட் தொறக்கற சத்தம். இருங்க, அவருதான்.

வாங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க? ஆமா, இவருதான் வண்டி பாக்க வந்தவரு. இல்ல இல்ல, ரொம்பல்லாம் பேசல. அந்தக் கவர ஒளிக்க வேண்டாம், எங்க போயிட்டு வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க சட்டைய யாரு தொவைக்கறா? டாக்டரு சொன்னத அப்புறம் சொல்லுங்க. மொதல்ல நான் சொல்லிடறேன், இல்லேன்னா மறுபடியும் சொல்ல மாட்டேன்.

அந்த டேங்க நீங்க கழுவினீங்க. காய வெச்சீங்க. நோட்டுல எழுதினது அத்தனையும் நெசம். அதுக்கப்புறம் அதுல தண்ணி ஊத்தினது நான்.

நான்தான். சோப்புத் தூளு போட்டு. ரெண்டு தடவ.

இல்ல, உங்களச் சமாதானப்படுத்தச் சொல்லல. நான் என்னைக்கு உங்களச் சமாதானப்படுத்தியிருக்கேன்? பரிதாபப்பட்டு பொய் சொல்ற ஆளா நான்? நீங்க லேத்துக்காரரப் பாக்கப் போன அன்னைக்கு. என் தங்கச்சி வர்றதுக்கு மொத நாளு. நம்ப மாட்டேங்கறீங்களே... சரி, நீங்க கட்டின கயிறு அவுக்கறப்போ அறுந்து போச்சு, அதனால என் முடி கட்டற ரப்பரப் போட்டுக் கட்டினேன். ஊதாக் கலரு. டேங்க மாட்டறப்போ அது இருந்துச்சா இல்லையா?

இருந்துச்சுல்ல. எப்ப கட்டினோம்னே தெரியலேன்னு அதையும் உங்க மறதிக் கணக்குல சேத்துக்கிட்டீங்களா? ஒரு வார்த்தை என்னக் கேக்கறதுக்கு என்ன? உங்க தலையில இருக்கறது காதோரமா நாலு முடி, உங்களுக்கு எதுக்குங்க ஊதாக் கலர் ரப்பரு?

ஆமா. தெரியும். நாலு மாசமும் தெரியும். நோட்டக் கொண்டு வந்து கேட்டப்பவும் தெரியும்.

ஆமா, தெரிஞ்சுக்கிட்டேதான்.

சொல்லுங்க. இன்னும் சத்தமா. பக்கத்து வீட்டம்மா வந்தா வரட்டும். இல்ல, அழல, வெயிலு. பாத்தீங்களா தம்பி, இவருக்குக் கோவம்... தம்பி? எங்க போனாரு இந்த ஆளு? கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்காரு.

போனாப் போகட்டும். நீங்க நிறுத்தாதீங்க. எங்க விட்டீங்க? 'அறிவு கெட்டவளே'ங்கறதோட நின்னீங்க.